ஐப்பசிக் கடல்நீரும் பொட்டல உப்பும்: சென்னைக் கடல் தொட்டிக்கு எது ஏற்றது?

கரையோரன்:
கோவளத்தில் படகோட்டும் மீனவர் ஒருவர் கரையிலிருந்து தள்ளிப்போய் எடுத்துத் தரும் கடல்நீரைத்தான் என் 200 லிட்டர் தொட்டிக்கு மாற்றுநீராக ஊற்றி வருகிறேன். தொட்டியில் ஓர் இணைக் கோமாளி மீன்களும் ஒரு கடல் சாமந்தியும் இருக்கின்றன. மழை தொடங்கிய பின் வந்த நீரில் ஒப்படர்த்தி (தூய நீரைவிட எத்தனை மடங்கு அடர்த்தி என்ற அளவு) 1.022 என்று காட்டுகிறது. அட்டவணைப்படி அது ஆயிரத்துக்கு ஏறத்தாழ 29 பங்கு உப்பு. இனிப் பொட்டல உப்புக்கு, அதாவது கடல் தொட்டிக்கென்றே விற்கும் செயற்கைக் கடலுப்புக் கலவைக்கு, மாறிவிடலாமா?

அளவுகோல்:
தயங்காமல் மாறிவிடுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கி ஓடுகிறது. கங்கை, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா ஆகியவை வங்கக் கடலில் கொட்டிய நன்னீரையும் அது சேர்த்தே கொண்டுவருகிறது. அதோடு கூவமும் அடையாறும் கலக்கின்றன. எனவே ஒவ்வொரு கேனிலும் வருவது வேறுவேறு நீர். உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு, கார்பனேட் காரத்தன்மை (பிஹெச் சட்டென மாறாமல் தாங்கும் திறன்) 7 முதல் 9 டிகிரி, கால்சியம் லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்குச் சற்று மேல் என்ற நிலை ஆண்டு முழுவதும் மாறாமல் இருப்பதுதான் தொட்டிக்கு நல்லது. பொட்டல உப்பைக் கரைத்தால் ஐப்பசியிலும் சித்திரையிலும் ஒரே நீர் கிடைக்கும்.

நெய்தல்:
இந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. 29 என்றால் நீர் கெட்டுவிட்டது என்று பொருளல்ல; நன்னீர் கலந்திருக்கிறது, அவ்வளவே. 40 லிட்டர் மாற்றுநீரை 35-க்கு உயர்த்தக் கால் கிலோ அளவுக்குப் பொட்டல உப்பு போதும். தொடக்கத்திலிருந்தே கரைத்தால் ஒன்றரைக் கிலோ வேண்டும். ஆற்றுநீர் தன் பங்குக்கு பைகார்பனேட்டையும் கொண்டுவருவதால், உப்பு குறைந்த அளவுக்குக் காரத்தன்மை குறைவதில்லை. சேலஞ்சர் என்ற பிரிட்டிஷ் ஆய்வுக் கப்பல் 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களில் சேகரித்த நீரில் 77 மாதிரிகளை வேதியியலாளர் வில்லியம் டிட்மார் ஆராய்ந்து, உப்பின் மொத்த அளவு இடத்துக்கு இடம் மாறினாலும் முக்கிய அயனிகளுக்கு இடையிலான விகிதம் ஏறக்குறைய மாறுவதில்லை என்று 1884-இல் காட்டினார். அந்த விகிதத்தைத்தான் பொட்டலம் தயாரிப்பவர்கள் பின்பற்ற முயல்கிறார்கள். நம் கிழக்குக் கடற்கரை ஓரத்து இறால் பொரிப்பகங்களும் கடல்நீரைக் கொண்டுதான் இயங்குகின்றன.

அளவுகோல்:
டிட்மாரின் விதி சோடியம், குளோரைடு, மக்னீசியம் போன்ற முக்கிய அயனிகளுக்குப் பொருந்தும். கரையோர நீரில் நமக்குத் தொல்லை தருபவை அம்மோனியா, பாஸ்பேட், தாமிரம் ஆகியவை. இவற்றுக்கு அந்த விதியில் இடமில்லை. சாமந்தி போன்ற முதுகெலும்பற்ற உயிர்களைத் தாமிரம் மிகக் குறைந்த அளவிலேயே கொன்றுவிடும். பொரிப்பகங்களை எடுத்துக்காட்டுபவர், அங்கே அந்த நீரை என்ன செய்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். படியவைத்து, மணல் வடிகட்டியில் செலுத்தி, குளோரின் இட்டு, காற்றோட்டம் கொடுத்து, எஞ்சிய குளோரினைத் தயோசல்பேட்டால் நீக்கிய பிறகே அதைப் பயன்படுத்துகிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. தெற்கே ஓடும் நீரோட்டத்தில் கோவளம் எண்ணூருக்குக் கீழே இருக்கிறது. நம்மிடம் உள்ள எந்த டெஸ்ட் கிட்டும் எண்ணெயைக் காட்டாது.

நெய்தல்:
அத்தகைய நாட்களில் யாரும் கடல்நீர் எடுக்கக் கூடாது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பொட்டல உப்பை எந்த நீரில் கரைக்கிறோம் என்பதையும் கேட்க வேண்டுமல்லவா? பல வீடுகளில் சமையலறை ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்தே பிடிக்கிறார்கள். அவற்றில் பலவற்றில் சுவைக்காக வடிகட்டாத நீரைச் சிறிது கலந்துவிடும் டி.டி.எஸ். (நீரில் கரைந்துள்ள பொருள்களின் மொத்த அளவு) திருகு இருக்கிறது. அந்த வழியாக சிலிக்கேட்டும் நைட்ரேட்டும் தொட்டிக்குள் நுழைந்து பழுப்புப் பாசியை வளர்க்கின்றன. தவிர, சில பொட்டலங்கள் 11 டிகிரிக்கு மேல் காரத்தன்மை தருகின்றன. இயற்கைக் கடல்நீரில் அது 7-ஐ ஒட்டியே இருக்கும். கல்பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் நம் தொட்டிகளில் அவற்றுக்கு இடமில்லை. சுண்ணாம்பு படியவைக்கும் உயிர்கள் இல்லாத இடத்தில் இந்தக் கூடுதல் காரம் எதற்கு?

அளவுகோல்:
அதற்காகப் பதற வேண்டியதில்லை. 7 டிகிரி உள்ள தொட்டியில் ஐந்தில் ஒரு பங்கை 11.5 டிகிரி நீரால் மாற்றினால் 7.9-தான் ஆகும். ஆர்.ஓ. பற்றி நீங்கள் சொன்னது சரி. திருகுக்கு முன்பே, சவ்விலிருந்து நேராகக் குழாய் எடுத்து, டி.டி.எஸ். மீட்டரில் பார்த்துப் பிடிக்க வேண்டும்.

நீரளவி:
இருவரும் 29 என்ற எண்ணை அப்படியே ஏற்றுக்கொண்டு பேசுகிறீர்கள். கரையோரன் ஐயா, எந்தக் கருவியில் அளந்தீர்கள்? நீரின் வெப்பநிலை என்ன?

கரையோரன்:
மிதக்கும் கண்ணாடி ஹைட்ரோமீட்டர்தான். அதன் தண்டில் 15 டிகிரி செல்சியஸ் என்று அச்சிட்டிருக்கிறது. நீர் 28 டிகிரியில் இருந்தது.

நீரளவி:
அப்படியானால் உங்கள் நீர் 29 அன்று. 33-க்கு அருகில் இருக்கிறது. வெப்பம் ஏறினால் நீர் விரிந்து அடர்த்தி குறையும். 15 டிகிரிக்கென்று அளவிட்ட கருவி 28 டிகிரி நீரில் குறைத்தே காட்டும். 35 பங்கு உப்புள்ள நல்ல கடல்நீரும் அதில் 1.023-ஐ ஒட்டித்தான் நிற்கும். இதையறியாமல் 40 லிட்டருக்குக் கால் கிலோ உப்பு சேர்த்திருந்தால் மாற்றுநீர் 39-ஐத் தொட்டிருக்கும். ஒளி விலகுவதைக் கொண்டு உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள், அதை வெறும் ஆர்.ஓ. நீரில் மட்டும் சரிபார்க்காமல், 35 பங்குக்கான தரக் கரைசலிலும் சரிபாருங்கள்.

நெய்தல்:
அப்படியென்றால் 80 கிராம் உப்பில் வேலை முடிந்துவிடும். இந்த நீரை விட்டுவிட எனக்கு இன்னும் காரணம் தெரியவில்லை.

அளவுகோல்:
உப்பின் அளவு என் முதல் காரணம்தான். அது தளர்ந்தாலும் மற்றவை அப்படியே நிற்கின்றன. கடல்நீரையே ஊற்றுவதென்றால், மூடிய பீப்பாயில் வெளிச்சம் படாமல், காற்றுக்கல் ஓடவிட்டுச் சில வாரங்கள் வைத்திருங்கள். அதிலுள்ள மிதவை உயிர்கள் மடிந்து முதலில் அம்மோனியா ஏறும், பிறகு இறங்கும். பிஹெச் 8-க்கு மேலுள்ள நீரில் அம்மோனியாவின் நச்சு வடிவம் கூடுதலாக இருப்பதால், அது சுழியைத் தொட்ட பின்பே ஊற்றுங்கள். தாமிரத்துக்கும் ஒரு டெஸ்ட் வாங்குங்கள். என்னைக் கேட்டால், தை கழிந்து நீரோட்டம் வடக்கே திரும்பும் வரையில் பொட்டல உப்பையே கரைக்கச் சொல்வேன்.