மேடு ஏறும்போது மட்டும் நெஞ்சு இறுக்கம்: உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்

கோத்தகிரியிலிருந்து:

அப்பாவுக்கு 61 வயது. சின்னத் தோட்டம்தான், பறித்த இலையை மூட்டை கட்டித் தலையில் வைத்து ரோடு வரைக்கும் ஏற்றிக் கொண்டுவருவார், அங்கிருந்து வண்டி ஃபேக்டரிக்கு எடுத்துப்போகும். போன மார்கழியிலிருந்து பாதி வழியில் இருக்கிற சில்வர் ஓக் மரத்தடியில் மூட்டையை இறக்கிவிட்டு நிற்க ஆரம்பித்தார். கேட்டால் "பனி மூச்ச அடைக்குது கண்ணு" என்பார். இரண்டு நிமிடம் நின்றால் சரியாகிவிடும், மறுபடி ஏறுவார். குளிர், வயசு, நேற்று சாப்பிட்ட மொச்சை என்று ஆளுக்கு ஒரு காரணம் சொன்னோம். பக்கத்தில் ஒரு கிளினிக்கில் வாயு என்று மாத்திரை கொடுத்தார்கள், ஈசிஜியும் எடுத்தார்கள், நார்மல். அந்தத் தாளை நம்பி மூன்று மாதம் சும்மா இருந்தோம். இதை எழுதுவதே அதற்காகத்தான்.

கோயம்புத்தூரில் பார்த்த இதய மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பைத் தொடுவதற்கு முன்னால் கேட்ட கேள்வி, "எப்பவும் அதே மரத்தடியிலதான் நிக்கறீங்களா?" ஆமாம் என்றதும் அவருக்குப் பாதி புரிந்துவிட்டது. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாயில் கொழுப்புப் படிந்து சுருங்கியிருந்தாலும், உட்கார்ந்திருக்கும்போது அந்த ரத்தமே போதும். மூட்டையோடு மேடு ஏறும்போது இதயம் கூடுதலாகக் கேட்கும், சுருங்கிய குழாயால் கொடுக்க முடியாது, அப்போது நெஞ்சு இறுகும், நின்றால் விட்டுவிடும். அதனால் படுக்க வைத்து எடுத்த ஈசிஜி சுத்தமாக இருக்கலாம், குழாய் சுத்தம் என்று அர்த்தமில்லை. காலைக் குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கி பிரஷரும் ஏறுவதால் அந்த நேரத்தில் சீக்கிரமே வலி வந்துவிடுமாம்.

அப்புறம் டிரெட்மில் டெஸ்ட். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் சரிவும் கூடிக்கொண்டே போகும், நாம் தினமும் ஏறுகிற மேடுதான், ஒயர் மாட்டி ஏறுகிறோம், அவ்வளவே. இரண்டாவது கட்டத்திலேயே ஈசிஜி கோடு இறங்கிவிட்டது, நிறுத்திவிட்டார்கள். மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோகிராம் செய்ததில் இதயத்தின் முன்பக்கம் இறங்குகிற பெரிய குழாயில் 90 சதவீதம் அடைப்பு. குழாயை விரித்துப் பிடிக்கிற, மருந்து பூசிய சின்ன வலைக்குழாய், அதாவது ஸ்டென்ட் ஒன்று வைத்தார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தது, அதனால் தோட்டம் தப்பியது.

குன்னூர் பக்கமிருந்து:

எங்கள் அம்மாவுக்கு நெஞ்சுவலியே வரவில்லை, இதைப் பெண்கள் கட்டாயம் படியுங்கள். லயத்து வீட்டிலிருந்து கொழுந்து பறிக்கப் போகிற வழியில் இடது பக்கத் தாடை வலிக்கும், முதுகில் இரண்டு தோளுக்கும் நடுவே பாரமாக இருக்கும். பல் என்று நினைத்துப் பல்லைப் பிடுங்கியாயிற்று, வலி போகவில்லை. அம்மாவுக்கு 12 வருடமாகச் சர்க்கரை. சர்க்கரை நரம்பைக் கெடுத்துவிடுவதால் இதய வலி சிலருக்குத் தெரியவே தெரியாது, வேறு எங்கோ தெரியும், இல்லை வெறும் மூச்சிரைப்பாகவும் களைப்பாகவும் வரும் என்று பிறகுதான் சொன்னார்கள். ஒருநாள் வேலைக்காட்டில் குளிர்ந்த வியர்வையோடு சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை முதல் தடவை சரியாக இருந்தது, வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்றுகூட நினைத்தேன், அந்த டியூட்டி டாக்டர் விடவில்லை, மூன்று மணி நேரம் கழித்து மறுபடி எடுத்தார், ஏறியிருந்தது. இதயத் தசை அடிபட்டு அந்தப் பொருள் ரத்தத்தில் தெரிய சில மணி நேரம் ஆகும், ஒரு டெஸ்ட்டோடு எழுந்து வராதீர்கள். மூன்று குழாயிலும் அடைப்பு. சர்க்கரையும் இருந்து பல குழாய்களிலும் அடைப்பு இருந்தால் பெரும்பாலும் பைபாஸ்தான் நீண்ட நாள் நிற்கும் என்று சொல்லி அதையே செய்தார்கள்.

கொடைக்கானல் மேல்மலையிலிருந்து:

சித்தப்பா பூம்பாறையில் பூண்டு போடுகிறவர். ராத்திரி பதினொன்றரைக்கு நெஞ்சை யாரோ மிதிக்கிற மாதிரி இருக்கிறது என்றார், சித்தி பூண்டைச் சுட்டுக் கொடுத்து வெந்நீர் குடிக்க வைத்தார், எங்கள் ஊரில் எதற்கும் அதுதானே முதல் மருந்து. அரை மணி நேரம் அதில் போயிற்று. பிறகு ஜீப்பில் ஏற்றியதும் சண்டை. ஒரு கட்சி நேரே மதுரைக்கு விடு என்றது, இன்னொரு கட்சி கொடைக்கானல் அரசு ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுப் போவோம் என்றது. நல்லவேளையாக இரண்டாவது கட்சி ஜெயித்தது.

அங்கே ஐந்து நிமிடத்தில் ஈசிஜி எடுத்து முழு அடைப்பு என்றார்கள், ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டார்வாஸ்டாட்டின் மாத்திரைகளை அப்போதே விழுங்க வைத்தார்கள், ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி போட்டார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி (அடைத்த குழாயை உள்ளேயிருந்தே திறந்துவிடுகிற சிகிச்சை) செய்கிற இடத்துக்குப் போய்விட முடியுமென்றால் அதுதான் முதல் வைத்தியம், மலையிலிருந்து இறங்கவே அதற்கு மேல் ஆகிவிடும், அதனால் மேலேயே ஊசி போட்டுவிட்டு அப்புறம் கீழே அனுப்புவோம் என்று டாக்டர் விளக்கினார். முதல் மூன்று மணி நேரத்தில் அந்த ஊசி நன்றாக வேலை செய்யும், 12 மணி நேரம் தாண்டினால் பெரிதாகப் பயனில்லை. 108-ல் ஏற்றி வத்தலக்குண்டு இறங்கும்போதே வலி குறைந்துவிட்டது. மறுநாள் மதுரையில் ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் வைத்தார்கள். நேரே இறங்கியிருந்தால் ஊசி இல்லாமலே அத்தனை வளைவும் சுற்றியிருப்போம், நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

2023-லிருந்து இந்த மூன்று மாத்திரைகளும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே அவசரத்துக்கு வைத்திருக்கிறார்கள், இதயம் காப்போம் திட்டம் என்று பெயர். மேல்மலை ஆட்கள் உங்கள் ஊர் நர்ஸிடம் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

ஊட்டியிலிருந்து:

நாக்குக்கு அடியில் வைக்கிற சார்பிட்ரேட் மாத்திரை அண்ணனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஏறும்போது வலி வந்தால் நின்றுகொண்டே வைக்கலாமா?

கோத்தகிரியிலிருந்து:

வேண்டாங்க, முதலில் உட்கார வையுங்கள். அந்த மாத்திரை பிரஷரைச் சட்டென்று இறக்கும், சரிவில் நின்றால் தலை சுற்றி விழுந்துவிடுவார். ஆண்மைக் குறைவுக்கு மாத்திரை எடுத்திருந்தால் இதைத் தொடவே கூடாது, கூச்சப்படாமல் அண்ணனிடம் கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் வலி விடவில்லையென்றால் இன்னொன்றுக்காகக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று, அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்த நாலாவது மாதம் பல்லில் ரத்தம் வருகிறது என்று பக்கத்து வீட்டில் சொன்னதைக் கேட்டு, ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மாத்திரையை இரண்டு நாள் நிறுத்திவிட்டார். தெரிந்ததும் டாக்டருக்குப் போன் போட்டேன், உடனே ஆரம்பிக்கச் சொன்னார், முதல் வருடத்தில் அப்படித் தானாக நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்துவிடலாம் என்றார். இப்போது மாத்திரை அட்டை சாமி மாடத்தில் இருக்கிறது, காலையில் விளக்கேற்றும்போது அம்மா எடுத்துக் கொடுக்கிறார்.