2010 கால்பந்து உலகக் கோப்பை: ஆட்டமே மந்தமா, வுவுசெலா சத்தம் அப்படிக் காட்டுகிறதா?

கடைசி நிமிடம் (கேள்வி):

தென்னாப்பிரிக்காவில் நடந்த 2010 உலகக் கோப்பையின் முழு ஆட்டப் பதிவுகளை வரிசையாகப் பார்த்து வருகிறேன். குரூப் சுற்றில் எல்லா அணிகளும் தலா ஒரு ஆட்டம் ஆடி முடித்த இடத்தில் நிற்கிறேன். உருகுவே–பிரான்ஸ் 0-0, ஐவரி கோஸ்ட்–போர்ச்சுகல் 0-0, அல்ஜீரியா–ஸ்லோவேனியா 0-1. தொடர்ந்து உட்கார முடியவில்லை.

இரண்டு விஷயம் தெரிய வேண்டும். வர்ணனை கெடாமல், ரசிகர்கள் ஊதும் வுவுசெலா என்ற ஊதுகுழலின் சத்தத்தை மட்டும் குறைக்க முடியுமா? எங்கோ படித்ததை வைத்து அதன் அடிப்படைச் சுருதியான 233 ஹெர்ட்ஸை முழுக்க இறக்கினேன், கொஞ்சமும் மாறவில்லை. அடுத்தது, இந்த ஆட்டங்கள் உண்மையிலேயே மந்தமானவையா, அல்லது ஏற்ற இறக்கமே இல்லாத அந்த இரைச்சலால் அப்படித் தோன்றுகிறதா?

ஒலித்தடம்:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன்.

233-ஐ மட்டும் வெட்டினால் ஒன்றும் நடக்காது, உங்கள் பக்கம் தவறில்லை. வுவுசெலா சுமார் 65 செ.மீ. நீளமுள்ள பிளாஸ்டிக் கூம்பு. சங்கு ஊதுவது போலத்தான், உதடு அதிர்ந்து ஒலி பிறக்கிறது. கூம்புக் குழல் என்பதால் அடிப்படைச் சுருதியோடு அதன் எல்லா மடங்குகளும் சேர்ந்தே வரும்: 233, 466, 699, 932, 1165 என்று. மேல் மடங்குகள் மிச்சமிருந்தால் போதும், வெட்டி எடுத்த 233-ஐ நம் காதே இட்டு நிரப்பிக்கொள்ளும். லேப்டாப்பின் குட்டி ஸ்பீக்கரில் ஆண்குரல் ஆண்குரலாகவே கேட்பதும் இதனால்தான்.

எதையும் வெட்டுவதற்கு முன்னால் உங்கள் பதிவு 5.1 ஒலியில் (ஆறு தனிச் சேனல்களாக) இருக்கிறதா என்று பாருங்கள். வர்ணனை பெரும்பாலும் நடுச் சேனலில் இருக்கும், கூட்டத்தின் சத்தம் மற்றவற்றில். முன் இடது, முன் வலது, பின்பக்கச் சேனல்களை 8 முதல் 10 டெசிபல் வரை இறக்குங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும்.

ஸ்டீரியோ என்றால் ஆடாசிட்டி என்ற இலவச ஒலித்திருத்த மென்பொருள் போதும். வர்ணனையாளர் பேசாமல் இருக்கும் 20, 30 விநாடியைத் தேர்ந்தெடுத்து 'பிளாட் ஸ்பெக்ட்ரம்' கொடுங்கள், எந்த அதிர்வெண்ணில் சத்தம் எவ்வளவு என்ற வரைபடம் வரும். சைஸை 8192-க்கு ஏற்றிக்கொள்ளுங்கள். 48,000 மாதிரி வேகப் பதிவில் அப்போதுதான் சுமார் 6 ஹெர்ட்ஸ் நுணுக்கம் கிடைக்கும். 1024-இல் விட்டால் 47 ஹெர்ட்ஸுக்கு ஒரு புள்ளிதான், முகடு எங்கே என்றே பிடிபடாது. முகடுகள் சரியாக 233-இல் நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். வேகம் மாற்றிப் பதிவேற்றிய பிரதிகளில் சுருதியும் சேர்ந்து நகர்ந்திருக்கும். உங்கள் பதிவில் முகடு எங்கே தெரிகிறதோ அந்த எண்ணைத்தான் குறித்துக்கொள்ள வேண்டும்.

பிறகு ஒவ்வொரு முகட்டுக்கும் ஒரு நாட்ச் ஃபில்டர், அதாவது ஒரு குறுகிய அதிர்வெண் பட்டையை மட்டும் வெட்டும் வடிகட்டி. க்யூ மதிப்பு (கூடக் கூட வெட்டு குறுகும்) 8-இல் ஆரம்பியுங்கள். 233-இல் அது சுமார் 29 ஹெர்ட்ஸ் அகலத்தை வெட்டும். ஆயிரக்கணக்கான ஊதிகள் ஒரே சுருதியில் நிற்பதில்லை, ஆளுக்கு ஆள் கொஞ்சம் ஏறி இறங்கும். அதனால் க்யூவை 30, 40 என்று வைத்தால் நடுவில் மட்டும் ஓட்டை விழும், இரண்டு பக்கமும் ரீங்காரம் கசியும். 3, 4 என்று இறக்கினால் வர்ணனையாளர் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவார். எல்லா மடங்குக்கும் அதே க்யூவை வைக்கலாம், ஏனென்றால் ஊதிகளின் சுருதி விலகலும் மேலே போகப் போக அதே விகிதத்தில்தான் விரிகிறது. 1165-உடன் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் கை வைத்தால் சொற்களின் தெளிவு போய்விடும். 2010-இல் பரவலாகச் சுற்றிய 233, 466, 932, 1864 என்ற குறிப்பில் 699-உம் 1165-உம் இல்லை. பலருக்கு அது பாதிதான் பலித்தது.

ஒரு குறை இருந்தே தீரும். கோல் விழுந்ததும் வர்ணனையாளர் கத்தும்போது அவர் குரலே 233-ஐத் தாண்டி ஏறும். அந்த இடத்தில் குரல் தேய்ந்துதான் கேட்கும்.

இன்னொன்று, அந்த ஜூனில் 'எதிர் அலை' எம்பி3 கோப்புகள் விலைக்கே வந்தன. அவை வேலை செய்ய வழியே இல்லை. 233 ஹெர்ட்ஸின் அலைநீளம் சுமார் 1.47 மீட்டர். ஓரிடத்தில் தற்செயலாக ஒலி அடங்கினாலும், நாற்காலியை முக்கால் மீட்டர் நகர்த்தினால் அதே கோப்பு சத்தத்தைக் கூட்டிவிடும். அதோடு மைதானத்தில் ஒவ்வொரு ஊதியின் அலையும் ஒவ்வொரு கட்டத்தில் இருக்கிறது. எதற்கு எதிராக எதிர் அலை செய்வது?

இரட்டை பிவட்:

சத்தத்தின் மேல் பழி போட வேண்டாம் நண்பரே, கணக்கைப் பாருங்கள். முதல் 16 ஆட்டங்களில் 25 கோல். அடுத்த 16-இல் 42. குரூப்பின் கடைசி 16-இல் 34. நாக்அவுட்டின் 16-இல் 44. மொத்தம் 64 ஆட்டம், 145 கோல், சராசரி 2.27. வுவுசெலா ஜூன் 11 முதல் ஜூலை 11 வரை ஊதிக்கொண்டேதான் இருந்தது. ஊதல் மாறவில்லை, கோல் எண்ணிக்கை மாறியது. அப்படியென்றால் காரணம் வேறு.

காரணம், முதல் ஆட்டத்தில் தோற்கக் கூடாது என்ற பயம். மூன்றே ஆட்டம் உள்ள குரூப்பில் முதலாவதில் தோற்ற அணி மீதி இரண்டையும் கழுத்தில் கத்தியோடு ஆட வேண்டும். அதனால் இரண்டு டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர்களைப் பின்வரிசைக்கு முன்னால் நிறுத்தி, ஒரே ஒரு ஸ்ட்ரைக்கரை மேலே தனியாக விட்டு, 4-2-3-1 என்று பூட்டிக்கொண்டார்கள். ஒரு அணி பூட்டினால் மற்ற அணியாவது திறக்கப் பார்க்கும். இரண்டுமே பூட்டினால் உருகுவே–பிரான்ஸ்தான். அதிலும் உருகுவேயின் லொடெய்ரோ 81-ஆவது நிமிடத்தில் சிவப்பு அட்டை வாங்கினார், அப்போதும் பிரான்ஸால் கோல் போட முடியவில்லை.

சாம்பியனான ஸ்பெயினையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆட்டத்தில் சுவிட்சர்லாந்திடம் 0-1. தொடக்க ஆட்டத்தில் தோற்றுக் கோப்பையை வென்ற முதல் அணி அதுதான். நாக்அவுட்டில் நான்கும் 1-0. ஏழு ஆட்டத்தில் எட்டே கோல். அந்த அணியை மந்தம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. எதிரணியின் காலுக்குப் பந்தே போகாத ஆட்டம் அது. பாஸ் எந்தத் திசையில் போகிறது என்பதை விட்டுவிட்டு, பாஸ் கொடுத்தவர் அடுத்து எங்கே நகர்கிறார் என்று பாருங்கள், ருசி தெரியும்.

நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து தைரியமாகத் தொடரலாம். போர்ச்சுகல்–வட கொரியா 7-0, ஸ்லோவாக்கியா–இத்தாலி 3-2 எல்லாம் இனிமேல்தான்.

லிபரோ:

கணக்கு சரி, முடிவு அரைகுறை. கோல் எண்ணிக்கை மட்டுமே ஆட்டத்தின் ருசி ஆகிவிடாது.

மைதானத்துக்குள் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். வுவுசெலாவின் வாயிலிருந்து 2 மீட்டர் தள்ளி அளந்தாலே 110 டெசிபலுக்கு மேல். பின்வரிசையில் இருப்பவன் நாள் முழுக்கக் குரலால்தான் வேலை செய்கிறான். "ஏறு", "விடு", "ஆள் வருது", கோல்கீப்பரின் "எனக்கு". இந்த நான்கும் கேட்காவிட்டால் ஆஃப்சைடு வரிசை ஒன்றாக ஏறாது. ஏறாத வரிசை பெட்டியின் விளிம்பிலேயே ஆழமாக உட்காரும். மிட்ஃபீல்டும் அதோடு பின்னால் இறங்கும். நீங்கள் சொல்லும் அந்தப் பூட்டு இதனால் இன்னும் இறுகியது. சைகையால் பேசிப் பழக ஓரிரு ஆட்டம் பிடிக்கும். 25 பிறகு 42 ஆனதில் அதற்கும் பங்கு உண்டு என்பது என் கருத்து.

பந்தையும் விடாதீர்கள். அந்த உலகக் கோப்பையின் பந்தான ஜபுலானி வெப்பத்தால் ஒட்டிய 8 துண்டுகளால் ஆனது. பழைய பந்தில் 32. தையல் குறைந்தால் மேற்பரப்பு வழவழப்பாகும், அப்போது பந்து சுழலாமல் தள்ளாடும் நிலை அதிக வேகத்திலேயே தொடங்கும். ஜபுலானியில் அது மணிக்கு 72 முதல் 80 கி.மீ. வாக்கில், அதாவது ஃப்ரீ கிக் பறக்கும் வேகத்திலேயே வந்து உட்கார்ந்தது. கூடவே ஜோகன்னஸ்பர்க் சாக்கர் சிட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரம், காற்றின் அடர்த்தி 15 சதவீதம் வரை குறைவு. நீளப் பாஸ் எல்லாம் ஓடுபவனைத் தாண்டி விழுந்தது. முதல் வாரத்துக் கார்னர்களை மட்டும் கவனியுங்கள், தூரக் கம்பத்தையும் தாண்டிப் போனவை எத்தனை என்று தெரியும். டென்மார்க்குக்கு எதிராக ஜப்பானின் ஹோண்டாவும் எண்டோவும் ஒரே ஆட்டத்தில் இரண்டு ஃப்ரீ கிக் கோல் போட்டது ஏன் அவ்வளவு பேசப்பட்டது என்பதும் அப்போது விளங்கும்.

தொலைக்காட்சி முன்னால் இருப்பவருக்கு இழப்பு இதைவிடப் பெரியது. காமெரா பந்தைத் துரத்துகிறது. பந்தில்லாத இடத்தில் ஒருவன் ஓட ஆரம்பித்தால் மைதானத்தில் இருப்பவர்கள் நமக்கு முன்பே பார்த்துவிடுவார்கள். அவர்களின் முணுமுணுப்பு ஏறும்போதே நாம் நாற்காலி நுனிக்கு வந்துவிடுகிறோம். அந்த ஏற்றத்தை வுவுசெலா மூடிவிட்டது. சுருதிப்பெட்டியை வைத்துவிட்டுப் பாட்டை அணைத்த மாதிரி. 2020 மே மாதம் ஜெர்மன் லீக் காலி மைதானங்களில் மீண்டும் தொடங்கியபோது, ஒளிபரப்பில் செயற்கைக் கூட்டச் சத்தத்தை ஏன் சேர்த்தார்கள்? அந்த ஏற்ற இறக்கம் இல்லாமல் பார்ப்பவருக்கு ஆட்டத்தில் பிடிப்பு வருவதில்லை.

கடைசி நிமிடம்:

ஒலித்தடம் அண்ணா, முகடுகள் தெளிவாகக் கிடைத்தன, நன்றி. இன்னொரு சந்தேகம். லிபரோ சொல்வதுபடி அந்த ஏற்ற இறக்கம் உள்ளே புதைந்திருந்தால், வுவுசெலாவை வெட்டியதும் அது வெளியே வருமா?

மகரப்பா:

வெட்டாமலே கேட்கலாம் நண்பரே, எங்கே கேட்பது என்று தெரிந்தால். கத்துகிற வாயால் ஊத முடியாது. அதுதான் சூட்சுமம். முதல் ஆட்டத்தில், மெக்சிகோவுக்கு எதிராக 55-ஆவது நிமிடம், தென்னாப்பிரிக்காவின் ஷபலாலா இடது காலால் மேல் மூலைக்கு அடிப்பதைப் போடுங்கள். அந்த மாதிரி இடங்களில் ரீங்காரம் மெலியும், அடியிலிருந்து மனிதக் குரல் எழும், பிறகு ஊதல் திரும்பி வந்து மூடும். சத்தத்தின் உச்சத்தைத் தேடினால் கிடைக்காது. ரீங்காரத்தில் விழும் ஓட்டையைத் தேடுங்கள்.

வுவுசெலாவைக் குப்பை என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியாது. கைசர் சீஃப்ஸ், ஆர்லாண்டோ பைரேட்ஸ் என்ற தென்னாப்பிரிக்கக் கிளப்களின் ரசிகர்கள் உலகக் கோப்பைக்கு முன்பே, வண்ணம் தீட்டிய சுரங்கத் தொழிலாளர் தலைக்கவசத்தோடு இதையும் மைதானத்துக்குக் கொண்டு வந்தவர்கள். இதை முதலில் உருவாக்கியவர் யார் என்பதில் ஒரு கைசர் சீஃப்ஸ் ரசிகரும் நாசரேத் பாப்டிஸ்ட் சபையும் ஆளுக்கொரு உரிமை கோரினார்கள். தடை செய்யச் சொல்லி 2009 கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பையிலேயே குரல் எழுந்தது, ஃபிஃபா மறுத்தது. விருந்துக்குப் போன வீட்டில் பாட்டை நிறுத்தச் சொல்வது முறையல்ல, அந்த மறுப்பு சரி. ஐரோப்பியக் கால்பந்து சங்கம் 2010 செப்டம்பரில் தன் போட்டிகளில் தடை போட்டது. அது அவர்கள் வீடு, அவர்கள் பாட்டு.

ஆனால் காது விஷயத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது. 85 டெசிபலில் 8 மணி நேரம் என்பது பணியிடப் பாதுகாப்புக்கான பரிந்துரை. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100-இல் 15 நிமிடம். 112-இல் ஒரு நிமிடம்கூட இல்லை. இப்படி ஊதும் கூட்டத்துக்குள் எங்கே போனாலும் நுரைக் காதடைப்பானை விரலால் மெல்லிசாக உருட்டி, மறு கையால் காதின் மேல்பகுதியைத் தூக்கிப் பிடித்து உள்ளே விட்டு, விரியும் வரை அரை நிமிடம் விரலை வைத்திருங்கள். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் அது போட்டதாகவே கணக்கில்லை.

இரட்டை பிவட்:

லிபரோ, குரல் கேட்காததால் வரிசை ஏறவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன், அதை நான் யோசிக்கவில்லை. ஆனால் பழகிக்கொண்டார்கள் என்றால் மூன்றாவது 16-இல் ஏன் 42 திரும்ப 34 ஆனது? போர்ச்சுகல்–பிரேசில் 0-0, சுவிட்சர்லாந்து–ஹோண்டுராஸ் 0-0, பராகுவே–நியூசிலாந்து 0-0. முதல் ஆட்டத்தில் தோல்வி பயம் என்றால் கடைசி ஆட்டத்தில் புள்ளிக் கணக்கு. நியூசிலாந்து மூன்றையும் டிரா செய்து, தோற்காமலே வீடு திரும்பியது. அந்த உலகக் கோப்பையிலேயே தோல்வி காணாத ஒரே அணி அது.

ஒலித்தடம்:

தம்பி, உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன். ஓரளவு வெளியே வரும். கூட்டத்தின் குரல் பரந்த பட்டையில் இருப்பதால் நாட்ச்களின் இடையில் பிழைத்துக்கொள்ளும். ஆனால் ஒலிபரப்பின்போதே கம்ப்ரெஷன் செய்து சத்தத்தின் மேடு பள்ளத்தை நசுக்கியிருந்தால் அதைத் திருப்பி எடுக்க முடியாது. சில ஒளிபரப்புகளில் போட்டியின் நடுவிலேயே வடிகட்டல் சேர்த்தார்கள். அதனால் ஒவ்வொரு பதிவுக்கும் ஸ்பெக்ட்ரத்தைப் புதிதாகப் பாருங்கள், ஒரே அமைப்பை 64 ஆட்டத்துக்கும் போடாதீர்கள். முகட்டுக்குப் பதில் பள்ளம் தெரிந்தால் ஏற்கெனவே வெட்டிய பதிவு, அதைத் தொட வேண்டாம்.

மூல ஒலியை அழிக்காமல் இரண்டாவது தடமாக வைத்திருங்கள். ஜூலை 2, கானா–உருகுவே. எக்ஸ்ட்ரா டைமின் கடைசி நிமிடத்தில் சுவாரெஸ் கோல் கோட்டில் கையால் தடுத்து வெளியேறுகிறார், கியான் பெனால்டிக்குப் பந்தை வைக்கிறார், அது கிராஸ்பாரில் பட்டு மேலே போகிறது. அந்த இரண்டு நிமிடத்துக்கு மட்டும் ஃபில்டர் போடாத தடத்துக்கு மாறிக்கொள்ளுங்கள்.