ஓட்டை பொருந்திச்சு, வீல் பொருந்தல: அப்பாவோட ஹெரால்டுக்கு வேற கம்பெனி வீல் மாட்டின அனுபவம்

அல்சூர் ஹெரால்ட்:

வணக்கம் மக்களே. பழைய கார்ல வேற கம்பெனி வீல் மாட்டினவங்க அனுபவத்த சொல்லுங்கன்னு கேட்டிருந்தீங்க, என்னோடத போடுறேன். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க, சுருக்கமா சொன்னா யாராவது அதே தப்ப பண்ணிடுவாங்களோன்னு எனக்கு பயம்.

வண்டி அப்பாவோட ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், 1968 மாடல். இங்கிலாந்து ட்ரையம்ஃப் ஹெரால்டத்தான் நம்ம மெட்ராஸ்ல ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி செஞ்சு வித்தாங்க, 948 சிசி இஞ்சின், பானெட் முழுசா முன்பக்கமா சாயும், தெருவுல யூ டர்ன் அடிச்சா ஆட்டோ மாதிரி திரும்பிடும். அப்பா வேலை மாறி பெங்களூர் வந்தப்போ வீட்டு சாமானெல்லாம் லாரில வந்துச்சு, இத மட்டும் அவரே ஓட்டிட்டு வந்தாரு. இன்னைக்கும் அல்சூர்ல எங்க வீட்டு வாசல்லதான் நிக்குது.

வீல் ஏன் மாத்தணும்னு நினைச்சேன்னா, பழைய ரிம்ல டியூப் போட்டே ஆகணும். டயர் உட்கார்ற எடத்துல இப்ப வர்ற ரிம்ல ஒரு சின்ன மேடு இருக்கும்ல, பஞ்சர் ஆனாலும் டயர் உள்ள விழாம பிடிச்சுக்கும், அது இதுல கிடையாது. ரிம் அகலமும் வெறும் மூணரை இஞ்ச். அவுட்டர் ரிங் ரோட்டுல ராத்திரி ஒரு தடவ டியூப் வெடிச்சு அப்பாவ ஓரமா நிக்க வச்சிட்டு நான் ஜாக்கி போட்டதுலேர்ந்து ட்யூப்லெஸ் போட்டே தீரணும்னு இருந்தேன்.

ஜே.சி. ரோடு பக்கம் ஒரு கடைல ஃபியட் வண்டியிலேர்ந்து கழட்டுன 13 இஞ்ச் அலாய் நாலு இருந்துச்சு, நல்லா சுத்தமா இருந்துச்சு. கடைக்காரர் டேப்ப வச்சு எதிர் எதிர் ஓட்டைய அளந்தாரு, "சார் ரெண்டும் ஒண்ணுதான், நாலு ஓட்டை, 13 இஞ்ச், போய்டும்"னாரு. மாட்டியும் காட்டினாரு, போச்சு, வழுக்கிட்டு போச்சு! நடுவுல ஹப்பு, அதான் வீல் வந்து மாட்டுற பாகம், அதோட மூடி இடிச்சுது, அத மட்டும் லேத்துல கொஞ்சம் கடைஞ்சு குடுத்தாங்க. பாக்க அவ்ளோ அழகா இருந்துச்சு, பக்கத்து வீட்டு மாமா கூட வந்து போட்டோ எடுத்தாரு.

அடுத்த ஞாயித்துக்கிழமை அப்பாவ கூட்டிட்டு ஓசூர் கிளம்பினேன். எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்துல அறுபதுல போறப்போ சீட்டுக்கு அடியில லேசா ஒரு நடுக்கம், ரோடுதான் அப்படின்னு விட்டுட்டேன். சந்தாபுரா கிட்ட வரும்போது அப்பாதான் கைய தூக்குனாரு. "பின்னாடி எடது பக்கம் டக் டக்குன்னுது, ஓரங்கட்டுடா." எனக்கு கேக்கவே இல்ல, அவருக்கு கேட்டுச்சு. இறங்கி பாத்தா அந்த வீல்ல ஒரு நட்டு காணோம், ரெண்டு நட்டு ஸ்பேனரே வேண்டாம் விரலாலயே சுத்துது, நாலாவது ஒண்ணுதான் பிடிச்சிட்டு இருந்துச்சு. இன்னும் ஒரு ரெண்டு கிலோமீட்டர் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு இப்ப எழுதுறப்பவும் கை நடுங்குது.

ஸ்டெப்னி மட்டும் பழைய ஹெரால்ட் ரிம்மாவே விட்டிருந்தேன், அதோட ஒரிஜினல் நட்டும் டூல் பையில இருந்துச்சு, அத மாட்டிட்டு மத்த மூணையும் இறுக்கிட்டு நாப்பதுக்கு மேல போகாம வீடு வந்து சேந்தோம்.

ராத்திரி டார்ச் அடிச்சு அந்த அலாயோட ஓட்டைய பாத்தேன். நட்டோட கூம்பு உட்கார்ற எடம் சுத்தி வட்டமா பளபளன்னு தேஞ்சிருக்கணும் இல்லையா, அப்படி இல்ல, ஒரு பக்கம் மட்டும் பிறை நிலா மாதிரி தேஞ்சிருக்கு, இன்னொரு பக்கம் பெயின்ட் கூட போகல. நாலு வீல்லயும் எல்லா ஓட்டையும் இப்படித்தான். அப்பதான் வெர்னியர் எடுத்து ஒழுங்கா அளந்தேன். ஹெரால்டுக்கு எதிர் எதிர் ஸ்டட்டோட (ஹப்புலேர்ந்து நீட்டிட்டு இருக்குமே, நட்டு போடுற மரை கம்பி) நடுவுலேர்ந்து நடு மூணே முக்கால் இஞ்ச், அதாவது 95.25 எம்எம். ஃபியட் வீல் 98. வித்தியாசம் 2.75 எம்எம்தான், ஒவ்வொரு ஓட்டையும் கிட்டத்தட்ட 1.4 எம்எம் தள்ளி நிக்குது. அப்புறம் எப்படி உள்ள போச்சுன்னா, ஹெரால்டு ஸ்டட்டு 3/8 இஞ்ச், ஒன்பதரை எம்எம் தடிதான், ஃபியட் வீல்ல 12 எம்எம் போல்ட்டு போற ஓட்டை. ஓட்டை பெருசா இருந்ததால வித்தியாசத்த அது முழுங்கிடுச்சு. ஆனா இந்த மாதிரி பழைய வண்டில வீல நடுவுல நிறுத்துறதே அந்த நட்டோட கூம்புதான், அது ஒரு ஓரமா மட்டும் கடிச்சா ஓட ஓட தளர்ந்துகிட்டே வரும்.

இன்னொண்ணு, இதையும் யாரும் எனக்கு சொல்லல. அலாய் ஸ்டீல விட தடிமன், அதனால ஸ்டட்டுல நட்டு கடிக்கிற மரை கொறஞ்சிடுது. ஸ்டட்டு எவ்ளோ தடியோ அந்த அளவு நீளத்துக்காவது மரை கடிக்கணும்பாங்க, 3/8 யுஎன்எஃப்ல (இஞ்ச் கணக்குல வர்ற நெருக்கமான மரை) இஞ்சுக்கு 24 மரை, அப்ப ஒன்பது சுத்தாவது சுத்தணும். நான் எண்ணி பாத்தேன், நாலரை சுத்துல இறுகிடுது. கடையில மாட்டுறப்பவே எண்ணியிருக்கணும்.

செம்பூர் 118:

அண்ணா படிக்கும்போதே பதறுது, அப்பாவுக்கு ஒண்ணும் ஆகலல்ல, அது போதும்.

என்னோடது ப்ரீமியர் 118 என்ஈ கார், பம்பாய் செம்பூர்ல இருந்தப்போ வாங்குனது, இப்ப மாரத்தஹள்ளில இருக்கு. ஃபியட் 124 பாடிதான், அதனால 4 ஓட்டை 98. இதுல எல்லாரும் மாட்டிக்கிறது 100ல. மார்க்கெட்ல பாதி அலாய் 100தான், 98க்கும் 100க்கும் ரெண்டு எம்எம்தான்னு தள்ளி மாட்டிடுவாங்க, முதல் போல்ட் நேரா போகும், மத்த மூணும் சாஞ்சு போகும். நான் போட்டது சான்ட்ரோவோட 13 இஞ்ச் அலாய், 100. ஆடுற கூம்பு வச்ச போல்ட்டு தனியா வருது, கூம்பு மட்டும் தனியா நகந்து ஓட்டைக்கு நடுவுல போய் உட்காரும், அந்த ஒரு எம்எம்ம அது சரி பண்ணிடும், 12 எம்எம் தடி, மரைக்கு மரை 1.25 எம்எம்னு கேட்டு வாங்கணும். ஆனா நடு ஓட்டை சான்ட்ரோக்கு 54.1, நம்ம ஃபியட் ஹப்பு 58.1, கடைஞ்சே ஆகணும். முதல்ல கடைஞ்சவர் 60 வரைக்கும் போய்ட்டாரு, எண்பதுல ஸ்டீயரிங் உதற ஆரம்பிச்சிடுச்சு, நாலு தடவ பேலன்சிங் பண்ணியும் போகல. கடைசில 60க்கும் 58க்கும் நடுவுல இருந்த இடைவெளிய நிரப்ப ஹப் ரிங்னு ஒரு வளையம் போட்டதும்தான் நின்னுச்சு.

ஹோண்டா வீல் நட்டப் பத்தி ஒரு வார்த்தை. ஹோண்டா ஒரிஜினல் வீல்ல உட்கார்ற எடம் கூம்பு இல்ல, உருண்டை. அதுல கூம்பு நட்டு போட்டா ஒரு கோடு மாதிரிதான் தொடும். எங்க அபார்ட்மென்ட்ல ஒருத்தர் அப்படி போட்டுட்டு வாரத்துக்கு ஒரு தடவ இறுக்கிட்டு இருந்தாரு, ஏன் தளருதுன்னே தெரியாம.

எலஹங்கா ஜீப்:

என்னோடது காரே இல்ல, சிஜே-3பி ஜீப், ஆனாலும் சொல்றேன். ஜிப்ஸியோட 15 இஞ்ச் ரிம் போட்டேன். 5 ஓட்டை 139.7, ஜீப்புக்கும் அதேதான், அஞ்சரை இஞ்ச். இதுல அளவு பிரச்சனையே இல்ல, கச்சிதமா உட்காந்துச்சு. நட்டு மட்டும் ஜீப்போடதுதான் போடணும், ஜீப் ஸ்டட்டு அரை இஞ்ச் யுஎன்எஃப், ஜிப்ஸி 12 எம்எம். 16லேர்ந்து 15க்கு வந்ததுல வண்டி கொஞ்சம் தாழ்ந்துச்சு, அது பழகிடுச்சு.

நான் பட்டது வேற. தொட்டபள்ளாபூர் போற வழியில பஞ்சர், கடைப் பையன் எடது பக்க வீல கழட்ட ஸ்பேனர் மேல ஏறி நின்னு மிதிச்சான், வரல, பைப்ப சொருகி மிதிச்சான், ரெண்டு ஸ்டட்டு உடைஞ்சு கையில வந்துச்சு. அப்புறம்தான் பாத்தோம், எடது பக்க ஸ்டட்டெல்லாம் எடது மரை! பழைய வில்லிஸ் ஜீப்புல அப்படித்தான், எடது பக்கம் கழட்டணும்னா கடிகாரம் சுத்துற பக்கமா சுத்தணும். பாவம் பையன், அவன் இறுக்கிட்டே இருந்திருக்கான், அவன் மேல தப்பே இல்ல. இப்ப வீல் ஆர்ச்சுக்குள்ள பெரிய எழுத்துல "எடது மரை"ன்னு தமிழ்லயும் கன்னடத்துலயும் பெயின்ட் அடிச்சு வச்சிருக்கேன்.

மல்லேஸ்வரம் பெரியவர்:

தம்பி, நானும் ஒரு காலத்துல ஹெரால்ட் ஓட்டுனவன். அடுத்தது ஹப்புக்கும் வீலுக்கும் நடுவுல அடாப்டர் ஸ்பேசர்னு ஒரு தட்டு போட்டு ஓட்டை அளவ 100க்கு மாத்தலாம்னு யாராவது சொல்லுவாங்க, செய்யாதீங்க. ஹெரால்டுல பின்னாடி ஆக்ஸில் ரெண்டா பிரிஞ்சு மேலயும் கீழயும் ஆடுற வகை, குறுக்கால ஒத்த லீஃப் ஸ்ப்ரிங். வீல் வெளிய தள்ளி போகப் போக ஹாஃப் ஷாஃப்ட்டோட, அதான் ஒவ்வொரு பக்கமும் வீல சுத்த வைக்கிற பாதி ஆக்ஸிலோட, ஹப்பு முனையில சுமை ஏறும், அது ஒடிஞ்சா வீலும் ஹப்பும் சேந்து வெளிய வந்துரும். முன்பக்கம் வீல் திரும்புற எடத்துல கீழ வெண்கல ட்ரன்னியன்னு ஒரு மூட்டு இருக்கு பாருங்க, அதுல கிரீஸ் அடிக்காதீங்க, கியர் ஆயில்தான் ஊத்தணும். அகல வீல் போட்டு அதையும் காய விட்டா முன் வீல் மடங்கிடும்.

அப்புறம் சட்டம். 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கு, கம்பெனி குடுத்த அளவ மீறி வண்டிய மாத்தக்கூடாதுன்னு. உங்க வண்டி 50 வருஷம் தாண்டியாச்சு, 2021ல வந்த விதிப்படி விண்டேஜ்னு பதிவு பண்ணி நம்பர்ல விஏ வாங்கலாம், புதுப் பதிவுக்கு 20,000 ரூபா. அதுக்கு வண்டி ஒரிஜினல் உருவத்துல இருக்கணும். பழைய ரிம்ம தூக்கி போட்றாதீங்க.

அல்சூர் ஹெரால்ட்:

ஐயா ரொம்ப நன்றி, நீங்க சொன்ன ஹாஃப் ஷாஃப்ட் விஷயத்தாலதான் அடாப்டர் யோசனைய விட்டேன். கணக்கு போட்டு பாத்திருந்தேன், 25 எம்எம் அடாப்டர், 40 ஆஃப்செட் வீல்னா (ஆஃப்செட்ங்கிறது வீலோட நடுக் கோட்டுலேர்ந்து ஹப்புல உட்கார்ற எடம் எத்தன எம்எம் வெளிப்பக்கமா இருக்குங்கிற கணக்கு) கடைசில 15 ஆஃப்செட்ல நிக்கும், காகிதத்துல சரியாத்தான் வருது. ஆனா அடாப்டர் எடையும் அந்த ஒன்பதரை எம்எம் ஸ்டட்டு மேலதான தொங்கும்.

கடைசில என்ன பண்ணேன்னு சொல்றேன். பீன்யால ஒரு சேலத்துக்காரர் லேத்து பட்டறை வச்சிருக்காரு, அவர்கிட்ட ஃபியட் அலாய கொண்டு போனேன். கையில வாங்கி அந்த பிறைய விரலால தடவி பாத்துட்டு, "தம்பி, வண்டி ஓட்டைக்கு ஏத்த வீல் தேடாதீங்க, வண்டியோட தட்டையே எடுத்து புது வளையத்துல வைங்க"ன்னாரு. அதாவது ஹெரால்டு ரிம்மோட நடுத் தட்ட அப்படியே வெட்டி எடுத்து, இப்ப வர்ற 13 இஞ்ச் ஸ்டீல் ரிம்மோட வளையத்துக்குள்ள வச்சு வெல்டிங். 95.25 ஓட்டை, கூம்பு உட்கார்ற எடம், தட்டோட தடிமன் எல்லாம் ஒரிஜினல், மரையும் பழையபடி முழுசா கடிக்கும். வளையம் மட்டும் வேற கம்பெனி, அதனால ட்யூப்லெஸ்.

அப்பாவோட ஒரிஜினல் அஞ்சையும் தொட எனக்கு மனசு வரல. சென்னை புதுப்பேட்டைல நாலு நாள் அலைஞ்சு துரு பிடிச்ச ஹெரால்டு ரிம் அஞ்சு புடிச்சேன், ஸ்டெப்னியும் ஒரே மாதிரி இருக்கணும்ல. அதுல ஒண்ணுல ஓட்டைக்கிட்ட மயிரிழை மாதிரி விரிசல், சேலத்துக்காரர் தட்டி சத்தத்த கேட்டே ஒதுக்கிட்டாரு, இன்னொண்ணு தேடிப் போனேன். வெல்டிங் போடுறதுக்கு முன்னாடி தட்டு எவ்ளோ உள்ள இருக்கணும்னு பழைய ரிம்ல அளந்து அதே ஆழத்துல வச்சாரு, வீல் வெளிய தள்ளக்கூடாதுன்னு. முதல்ல நாலு எடத்துல புள்ளி வச்சு பிடிச்சிட்டு, ஹெரால்டு ஹப்பையே லேத்துல கட்டி, டயல் கேஜ் வச்சு சுத்தினாரு, முள்ளு ஆடுறத பாத்து பாத்து சுத்தியலால தட்டி தட்டி கொண்டு வந்தாரு. அரை எம்எம்முக்குள்ள வந்தப்புறம்தான் முழு வெல்டிங், அதுவும் ஒரேடியா இல்ல, எதிர் எதிர் பக்கமா கொஞ்சம் கொஞ்சமா, சூட்டுல வளைஞ்சிடும்னு. ஒரு வீலுக்கு அரை நாள். நான் ஸ்டூல் போட்டு பக்கத்துலயே உட்காந்திருந்தேன்.

டயர் 145/80 ஆர்13 போட்டேன், பழைய வேகன் ஆர்ல வந்த சைஸ், எங்கயும் கிடைக்கும். 165/65 போடலாம்னு ஆசை இருந்துச்சு, ஆனா கணக்கு போட்டா டயர் குறுக்களவு 545 எம்எம், 145/80னா 562. ரொம்ப சின்னதானா ஸ்பீடோ ஜாஸ்தி காட்டும், வண்டியும் தரையோட ஒட்டிடும். விஏ பதிவுக்கு போறப்போ அப்பாவோட பழைய அஞ்சு ரிம்மதான் மாட்டிட்டு போவேன், எண்ணெய் தடவி சாக்குல சுத்தி வச்சிருக்கேன்.

போன வாரம் அதே ஓசூர் ரோட்டுல மறுபடி போனோம். சந்தாபுரா வந்தப்போ அப்பா ஒண்ணும் பேசல, கண்ணாடிய இறக்கிட்டு தலைய வெளிப்பக்கமா சாச்சு பின்னாடி சத்தத்தையே கேட்டுட்டு வந்தாரு. அத்திப்பள்ளில டீக்கடை ஓரமா நிறுத்தச் சொல்லி, வீல் ஸ்பேனர அவரே எடுத்துட்டு போய் நாலு வீல்லயும் பதினாறு நட்டையும் ஒண்ணொண்ணா சோதிச்சாரு. ஒண்ணும் அசையல. கைய தொடச்சிட்டு வந்து, "ரெண்டு டீ சொல்லு"ன்னாரு.