எண்ணிக்கை சபையில்தான் நடக்க வேண்டும்

கவின்: அத்தை, நாளை மறுநாள் அரசியலமைப்புச் சட்டத் தேர்வு. நாடாளுமன்ற ஆட்சி முறையின் உயிர்நாடி எது என்று கேட்டால் எதை எழுதுவது?

அத்தை: அரசியலமைப்பின் 75(3) பிரிவு. அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்பு. அதை முதலில் எழுது, மற்றதெல்லாம் அதன் பின்னால் தானாக வரும்.

பெரியப்பா: ஐந்து ஆண்டுக்கு என்றுதானே பிரதமரைத் தேர்ந்தெடுக்கிறோம்? நடுவில் நாலு எம்.பி.க்கள் மனம் மாறினால் ஆட்சியே கவிழ்வது என்ன நியாயம் அம்மா?

அத்தை: அண்ணா, நீங்கள் ஓட்டுப் போட்டது உங்கள் தொகுதி வேட்பாளருக்கு. பிரதமர் பெயர் எந்த வாக்குச்சீட்டிலும் கிடையாது, அவர் தொகுதியைத் தவிர. ஐந்து ஆண்டு என்பது மக்களவையின் ஆயுள், அதுவும் அதிகபட்சம். பிரதமருக்கென்று சட்டம் எந்த ஆயுளும் குறிக்கவில்லை. சபையின் நம்பிக்கை இருக்கும் வரைதான் பதவி.

நித்யா: வாஜ்பாய் ஒரு ஓட்டில் தோற்றாரே, அப்படித்தானா?

அத்தை: ஆமாம், 1999 ஏப்ரல் 17. ஆதரவு 269, எதிர்ப்பு 270. அந்த 270இல் ஒருவர் கிரிதர் கமாங். பிப்ரவரியிலேயே ஒரிசாவின் முதலமைச்சராகிவிட்டார், ஆனால் எம்.பி. பதவியை விடவில்லை.

கவின்: இரண்டு பதவியும் எப்படி?

அத்தை: 164(4) பிரிவைப் படித்தாயா? சட்டமன்ற உறுப்பினர் அல்லாதவரும் அமைச்சராகலாம், ஆறு மாதத்துக்குள் உறுப்பினராகிவிட வேண்டும். அவர் அந்த ஆறு மாதத்துக்குள் இருந்தார். அதனால் எம்.பி. பதவிக்குச் சட்டப்படி ஆபத்தில்லை. வாக்களிப்பதா வேண்டாமா என்பதைச் சபாநாயகர் பாலயோகி அவருடைய மனசாட்சிக்கே விட்டுவிட்டார். அவர் வாக்களித்தார், அரசு வீழ்ந்தது.

பெரியப்பா: இதைத்தான் சொல்கிறேன். ஒரு மாநிலத்தை ஆள்பவர் வந்து மத்திய அரசைக் கவிழ்ப்பதா?

அத்தை: சட்டப்படி செல்லும், முறைப்படி சரியென்று நானும் சொல்லமாட்டேன். இந்த முறையில் சட்டத்துக்குப் பக்கத்திலேயே மரபும் நிற்கிறது, பல நேரம் மரபைத்தான் முதலில் மீறுகிறார்கள். ஆனால் அதே நாளில் இன்னொன்றும் நடந்தது அண்ணா. வாஜ்பாய் எண்ணிக்கையை ஏற்றுக்கொண்டு அன்றைக்கே ராஜினாமா செய்தார். ஒரே ஒரு ஓட்டு. அதை அவர் மதித்தார். எனக்கு அது பெரிய விஷயம்.

நித்யா: பெரும்பான்மை இருக்கிறதா இல்லையா என்பதை ஆளுநர் முடிவு செய்ய முடியாதா அத்தை? செய்தியில் அடிக்கடி வருகிறதே.

அத்தை: முடியாது. 1994, எஸ்.ஆர். பொம்மை வழக்கு. உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள். கர்நாடகத்தில் முதலமைச்சர் பொம்மையின் அரசுக்கு ஆதரவில்லை என்று 1989இல் ஆளுநர் தானாகவே அறிக்கை அனுப்ப, சபையில் நிரூபிக்க வாய்ப்பே தராமல் ஆட்சியைக் கலைத்துவிட்டார்கள். பெரும்பான்மையைச் சோதிக்கும் இடம் சபைதான், ஆளுநர் மாளிகை அல்ல என்றது தீர்ப்பு. கவின், இதைக் கட்டாயம் எழுது.

கவின்: குறித்துக்கொண்டேன். கேசவானந்த பாரதி வழக்கும் வருமா?

அத்தை: வரும், சுருக்கமாக எழுது. 1973, பதின்மூன்று நீதிபதிகள், 7–6. நாடாளுமன்றம் அரசியலமைப்பைத் திருத்தலாம், அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கக் கூடாது.

பெரியப்பா: எல்லாம் சரி. சபையைக் கூட்டவே விடாவிட்டால் எங்கே எண்ணுவது?

அத்தை: இதுதான் அண்ணா கேட்க வேண்டிய கேள்வி! இலங்கையைப் பாருங்கள். அது முழு நாடாளுமன்ற முறை அல்ல, ஜனாதிபதிக்கும் அதிகாரம் உண்டு. 2018 அக்டோபர் 26 அன்று ஜனாதிபதி சிறிசேன, பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவை நீக்கி மகிந்த ராஜபக்சவைப் பிரதமராக்கினார். மறுநாளே நாடாளுமன்றத்தை ஒத்திவைத்தார், நவம்பர் 9 அன்று கலைத்தும் விட்டார். உச்ச நீதிமன்றம் கலைப்புக்கு இடைக்காலத் தடை விதித்ததும் சபை கூடியது. நவம்பர் 16 அன்று சபாநாயகர் இருக்கையைச் சில உறுப்பினர்கள் பிடித்துக்கொண்டார்கள், மிளகாய்த்தூளை வீசினார்கள். சபாநாயகர் கரு ஜயசூரிய போலீஸ் பாதுகாப்போடு உள்ளே வந்து, வேறொரு நாற்காலியில் இருந்தபடியே மகிந்தவுக்கு எதிரான நம்பிக்கையில்லாத் தீர்மானத்தின் மீது குரல் வாக்கெடுப்பை நடத்தி முடித்தார். அந்தக் காட்சியை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. டிசம்பர் 13 அன்று ஏழு நீதிபதிகளும் ஒருமனதாகக் கலைப்பு செல்லாது என்றார்கள்.

நித்யா: பிரிட்டனிலும் இப்படி ஏதோ நடந்ததே?

அத்தை: 2019. அரசு நாடாளுமன்றத்தை ஐந்து வாரம் ஒத்திவைத்தது. உச்ச நீதிமன்றத்தின் பதினோரு நீதிபதிகளும் அது செல்லாது என்றார்கள். எழுதி வைத்த ஒரே அரசியலமைப்பு ஆவணம் இல்லாத நாட்டிலேயே நீதிமன்றம் அப்படிச் சொன்னது. அமைச்சரவை பதில் சொல்ல வேண்டிய இடத்தைப் பூட்டும் உரிமை அமைச்சரவைக்கே இருந்தால் 75(3)க்கு அர்த்தமே இல்லை.

பெரியப்பா: ஆனாலும் அடிக்கடி கவிழ்ந்துகொண்டே இருந்தால் நாடு என்ன ஆவது?

அத்தை: அந்தக் கவலை நியாயமானது அண்ணா. ஜெர்மனி அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. அடிப்படைச் சட்டம் என்ற அவர்களுடைய அரசியலமைப்பின் 67ஆவது பிரிவு: பழைய பிரதமரை இறக்க வேண்டுமென்றால் அதே வாக்கெடுப்பில் புதியவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெறுமனே கவிழ்க்க முடியாது. 1982இல் ஷ்மிட் போய் கோல் வந்தது அப்படித்தான். அங்கே அது வெற்றி பெற்றது அந்த ஒரு முறைதான்.

கவின்: இங்கே ஏன் இல்லை?

அத்தை: நம் சட்ட ஆணையமும் 1999இல் தன் 170ஆவது அறிக்கையில் இதை ஒட்டிய யோசனையைச் சொன்னது. சட்டமாகவில்லை. வந்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

பெரியப்பா: இதற்கு நான் ஒத்துக்கொள்கிறேன். மாற்று ஆளைக் காட்டிவிட்டுக் கவிழ்க்கட்டும்.

அத்தை: கவின், 74ஆவது பிரிவை விட்டுவிடாதே. குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டும், மறுபரிசீலனைக்கு ஒரு முறை திருப்பி அனுப்பலாம். அப்படித் திருப்பி அனுப்பும் வழியைச் சேர்த்தது 44ஆவது திருத்தம், 1978.

கவின்: சரி அத்தை, இப்போதே படிக்கிறேன்.