சஸ்டனான் + ஹெச்சிஜி + அனஸ்ட்ரோசோல்: மூன்றும் ஒன்றாகப் போகலாமா?

கேள்வி: வணக்கம். வயது 34. மூன்று வாரத்துக்கு ஒரு சஸ்டனான் 250 (ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஊசி), எட்டு மாதமாக ஓடுகிறது. அடுத்த வருடம் குழந்தைக்கு முயற்சி செய்யவிருப்பதால் ஹெச்சிஜி (விரையைத் தூண்டும் ஹார்மோன் ஊசி) 500 ஐயு (சர்வதேச அலகு) ஒருநாள் விட்டு ஒருநாள், அனஸ்ட்ரோசோல் (ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும் மாத்திரை) 1 மி.கி. தினமும் என்று எழுதியிருக்கிறார்கள். முடிக்காக ஃபினாஸ்டரைடு 1 மி.கி. ஏற்கெனவே உண்டு. சேர்த்து எடுக்கலாமா? ஹெச்சிஜி குப்பியில் 5000 ஐயு பவுடர் இருக்கிறது. இன்சுலின் சிரிஞ்சில் எந்தக் கோடு வரை இழுக்க வேண்டும்?

மருந்துக்கடைக்காரன்: சிரிஞ்சுதான் முதல் விஷயம், தப்பு நடப்பதே அங்கேதான். 5000 ஐயு பவுடரில் 5 மி.லி. கலந்தால் ஒரு மி.லி.க்கு 1000 ஐயு, உங்களுக்கு வேண்டியது அரை மி.லி. ஆரஞ்சு மூடி யூ-100 சிரிஞ்சில் (ஒரு மி.லி.க்கு 100 கோடு) அது 50ஆவது கோடு. சிவப்பு மூடி யூ-40 (ஒரு மி.லி.க்கு 40 கோடு) என்றால் 20ஆவது கோடு. நம் ஊர்க் கடைகளில் இரண்டும் கிடைக்கும். சிவப்பு மூடியில் 50 கோடே கிடையாது, ஆரஞ்சில் 20 வரை இழுத்தால் 200 ஐயுதான் போகும். மூடியைப் பார்க்காமல் இழுக்காதீர்கள்.

பெட்டிக்குள் வரும் 1 மி.லி. சலைன் அந்த ஒருமுறைக்கு மட்டும். அதில் கெடாமல் காக்கும் பொருள் இல்லை. பல நாள் வைத்துப் போட பென்சைல் ஆல்கஹால் சேர்ந்த பாக்டீரியோஸ்டாட்டிக் வாட்டர் வேண்டும். கலந்ததும் குலுக்க வேண்டாம், மெல்ல உருட்டுங்கள். ஃப்ரிட்ஜில் உள்தட்டில், 2 முதல் 8 டிகிரி. 10 டோஸ் 20 நாளில் முடிந்துவிடும், 30 நாளைத் தாண்ட விடாதீர்கள். சஸ்டனான் எண்ணெய் மருந்து, தசையில் போடுவது. ஹெச்சிஜி தண்ணீர் மருந்து, வயிற்றுத் தோலுக்கடியில் போடலாம். ஒரே சிரிஞ்சில் கலக்கவே கூடாது.

ஹார்மோன்_கிளினிக்: வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்ததும் மூளைக்கடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, விரையை இயக்கும் ஹார்மோன்களான எல்ஹெச்சையும் எஃப்எஸ்ஹெச்சையும் நிறுத்திவிடும். ரத்தத்தில் அளவு நன்றாக இருக்கும், விரைக்குள் மட்டும் வறண்டுவிடும். விந்தணு அங்கேதான் நிற்கிறது. ஹெச்சிஜி எல்ஹெச்சின் வேலையைச் செய்து உள்ளே சுரப்பைக் காப்பாற்றும். ஊசியோடு 500 ஐயு ஒருநாள் விட்டு ஒருநாள் என்பது வழக்கமான அளவுதான். ஆனால் அருகில் குழந்தை வேண்டும் என்பவருக்கு டெஸ்டோஸ்டிரோன் தொடங்காதிருப்பதே வழிகாட்டுதல். அதனால் இப்போதே விந்துப் பரிசோதனை எடுங்கள். பூஜ்யம் என்று வந்தால் ஊசியை நிறுத்தும் பேச்சை டாக்டரிடம் எடுக்க வேண்டும். நிறுத்தியபின் பலருக்கு 6 முதல் 12 மாதத்தில் திரும்பும், சிலருக்கு 24 மாதம்கூட ஆகும். உங்கள் கெடுவை வைத்துப் பார்த்தால் தள்ளிப்போட நேரமில்லை.

தினமும் 1 மி.கி. அனஸ்ட்ரோசோல் எனக்கு ஏற்பாக இல்லை. அது மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் அளவு. ஈஸ்ட்ரடையால் (ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனின் முக்கிய வகை) ஆணுக்கும் வேண்டும்: அளவுக்கு மேல் அடக்கினால் மூட்டு வலி, ஆசைக் குறைவு, நாளடைவில் எலும்பு தேய்வு. மார்புக் காம்பின் கீழ் வலி, வீக்கம் இருந்து ஈஸ்ட்ரடையால் அளவும் கூடியிருந்தால் மட்டும் தொடங்குவார்கள், அதுவும் வாரத்துக்கு 0.5 முதல் 1 மி.கி. வரை. அதற்கும் முன்னால் சஸ்டனானைச் சிறு அளவாகப் பிரித்து அடிக்கடி போட முடியுமா என்று கேளுங்கள். ஊசி போட்ட முதல் சில நாள் உச்சம் தணிந்தாலே ஈஸ்ட்ரடையாலும் தணியும்.

ஃபினாஸ்டரைடு டெஸ்டோஸ்டிரோனோடு மோதாது. ஆனால் சிலருக்கு விந்தணு எண்ணிக்கையைக் குறைக்கும், நிறுத்தினால் ஏறும். முயற்சிக் காலத்தில் விட்டுவிடுவது நல்லது.

லேப்_மேசை: ரத்தம் கொடுக்கும் நாள் முக்கியம். அடுத்த ஊசிக்கு முந்தைய நாளோ அன்று காலையோ, போடும் முன். போட்ட மறுநாள் எடுத்தால் எண் எகிறித் தெரியும். ஈஸ்ட்ரடையாலை எல்சி-எம்எஸ் என்ற துல்லியமான முறையில் கேளுங்கள். ஆண்களின் குறைந்த அளவில் சாதாரண லேப் முறையான இம்யூனோஅஸ்ஸே தடுமாறும். ஹீமடோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 54 சதவீதத்தைத் தாண்டினால் ஊசியை நிறுத்தி டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்: நன்றி. ஹெச்சிஜிக்குப் பதில் குளோமிஃபின் போடலாமா?

ஹார்மோன்_கிளினிக்: சஸ்டனான் ஓடும்போது பலன் சொற்பம். குளோமிஃபின் பிட்யூட்டரியை எழுப்பப் பார்க்கும், ஊசி அதை அடக்கிக்கொண்டே இருக்கும். ஊசியை நிறுத்தியவருக்கு அது பொருந்தும். எதற்கும் ஊசி தொடங்கும் முன் எடுத்த எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் ரிப்போர்ட்டைத் தேடி எடுங்கள். அப்போதே இரண்டும் உயர்ந்திருந்தால் கோளாறு விரையில். ஹெச்சிஜியோ குளோமிஃபினோ பெரிதாக எதையும் மீட்காது.