குக்கீ பேனர் இருக்கிறது, ஆனாலும் ஜெர்மனி பார்ட்டி புகார் சொல்கிறார்

தறிக்காரன்:
வணக்கம். கரூரில் மேசைவிரிப்பு, கைத்துண்டு ஏற்றுமதி செய்கிறோம். எங்கள் வேர்ட்பிரஸ் தளத்தில் கூகுள் அனலிட்டிக்ஸ் (யார் வருகிறார்கள் என்று கணக்கெடுப்பது), மெட்டா பிக்சல் (ஃபேஸ்புக் விளம்பரத்துக்காகக் கண்காணிப்பது) இரண்டும் உண்டு. கீழே ஒரு குக்கீ பேனர் (பார்ப்பவரின் பிரவுசரில் குக்கீ என்ற சிறு அடையாளக் கோப்பை வைக்க அனுமதி கேட்பது), அதில் "சரி" என்று ஒரே ஒரு பட்டன். போன வாரம் ஜெர்மனியில் சரக்கு எடுக்கும் ஒருவர், "நான் எதையும் அழுத்துவதற்கு முன்பே உங்கள் தளம் என்னைக் கண்காணிக்கிறது, முதலில் இதைச் சரிசெய்யுங்கள்" என்று மெயில் போட்டிருக்கிறார். கம்பெனி, சர்வர் எல்லாம் இங்கேதான். அந்த ஊர்ச் சட்டம் நமக்கு எப்படிப் பொருந்தும்?

கோடு எழுதுபவள்:
பொருந்தும். ஜிடிபிஆர் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் 3-ஆம் பிரிவுப்படி, ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பவர்களுக்குப் பொருள் விற்றாலோ அவர்கள் நடவடிக்கையைக் கண்காணித்தாலோ போதும், உங்கள் ஆபீஸ் எந்த ஊரில் இருந்தாலும் சரி. இப்போதே ஒன்று செய்து பாருங்கள். இன்காக்னிட்டோவில் தளத்தைத் திறந்து, பேனரைத் தொடாமல் எஃப்12 அழுத்தி, அப்ளிகேஷன் என்ற இடத்தில் குக்கீ பட்டியலைப் பாருங்கள். ஜிஏ (_ga, கூகுளுடையது), எஃப்பிபி (_fbp, ஃபேஸ்புக்குடையது) என்ற பெயர்கள் தெரிந்தால் அவர் சொன்னது உண்மை. என் கிளையன்ட் ஒருவருக்கும் இதேதான் நடந்தது. பேனரை ப்ளக்இன் காட்டியது, ஆனால் டிராக்கிங் ஸ்கிரிப்டை யாரோ எப்போதோ தீமின் ஹெட்டரில் (எல்லாப் பக்கத்துக்கும் பொதுவான தலைப்பகுதிக் கோடில்) நேரடியாக ஒட்டியிருந்தார்கள், அந்த ப்ளக்இன் அதைத் தடுக்கவில்லை.

மதுரை வெப்:
ஒரே பட்டனும் தப்புதான். 2019 அக்டோபரில் பிளானட்49 வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம், முன்கூட்டியே டிக் போட்டு வைத்த கட்டம் ஒப்புதலே ஆகாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. குக்கீயை ஏற்பது போல மறுப்பது சுலபமாக இல்லை என்பதற்காக பிரான்ஸின் தரவுப் பாதுகாப்பு ஆணையமான சிஎன்ஐஎல் கூகுளுக்கு 15 கோடி யூரோ, ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோ அபராதம் போட்டதாக 2022 ஜனவரியில் அறிவித்தது. அதனால் "வேண்டாம்" பட்டனையும் "சரி" பக்கத்திலேயே, அதே அளவில் வையுங்கள். அப்புறம், ஃபேஸ்புக்கில் விளம்பரமே கொடுக்காதவர்களுக்கு பிக்சல் எதற்கு? எடுத்துவிடுங்கள்.

வழக்கறிஞர் நண்பன்:
நம் நாட்டிலும் இது வருகிறது. 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வெளியாகிவிட்டன, முக்கியமான கடமைகள் அமலுக்கு வர 18 மாதம் அவகாசம். ஒப்புதலைக் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். எந்தத் தகவலை எதற்கு எடுக்கிறோம் என்று சொல்லும் நோட்டீஸைத் தமிழில் படிக்கும் வசதியும் தர வேண்டும். ஜெர்மனிக்காக இப்போது செய்கிற வேலையை, இதையும் மனதில் வைத்துச் செய்யுங்கள்.

தறிக்காரன்:
பார்த்தேன். பேனரைத் தொடாமலே இரண்டு பெயரும் வந்து நிற்கின்றன, ஹெட்டரில்தான் ஒட்டியிருக்கிறது. கடைசியாக ஃபேஸ்புக் விளம்பரம் கொடுத்து இரண்டு வருஷம் ஆகிறது, அதனால் பிக்சலை எடுத்துவிட்டேன். "சரி" அழுத்திய பிறகு மட்டும் அனலிட்டிக்ஸ் ஓடும்படி மாற்றச் சொல்லியிருக்கிறேன். ஜெர்மனிக்காரருக்கு இன்று ராத்திரி பதில் எழுதுகிறேன். ரொம்ப நன்றி.