17ஆம் நூற்றாண்டு வசைநூலைப் படிக்க உதவி வேண்டும்

நண்பர்களே, இங்கிலாந்து உள்நாட்டுப் போர்க்காலச் செய்தி ஏடுகளின் சண்டை பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். 1643இல் ஆக்ஸ்ஃபோர்டில் மன்னர் தரப்புக்கு 'மெர்கூரியஸ் ஆலிகஸ்' வந்தது. அதே ஆண்டு அதற்குப் பதிலடியாக, மன்னரை எதிர்த்துப் போரிட்ட நாடாளுமன்றத் தரப்புக்கு லண்டனில் 'மெர்கூரியஸ் பிரிட்டானிகஸ்'. பிரிட்டானிகஸில் எழுதிய மார்ச்சமண்ட் நீதம், 1645 ஆகஸ்டில் மன்னரையே காணவில்லை என்று அறிவிப்புப் போட்டு, அவருடைய திக்குவாயையும் சீண்டினார். அது ரொம்பவே அதிகம்தான். பிரிட்டானிகஸைத் தாக்கிப் படகோட்டிக் கவிஞர் ஜான் டெய்லர் 'மெர்கூரியஸ் அக்வாடிகஸ்' என்று ஒரு துண்டுநூல் விட்டார்.

அதில்தான் சிக்கிக்கொண்டேன். அந்தக் கால அச்சில் 'எஸ்' நீண்டு 'எஃப்' மாதிரியே நிற்கிறது. ஏச்சில் பாதி பிடிபடவில்லை. இந்த அச்சைப் படித்துப் பழகியவர்கள் இரண்டு பக்கமாவது கூட இருந்து படித்துத் தர முடியுமா? அப்புறம், 'நியூஸ்புக்' என்பதற்குச் 'செய்தி ஏடு' சரிதானா?